பத்து மணி முட்டை

இல்லக்கா, எனக்கு வேணாம். நீங்க சாப்பிடுங்க, சூடா இருக்கையில சாப்பிட்டாத்தான் மீன் பணிஸ் நல்லாருக்கும். கூச்சமெல்லாம் இல்லக்கா. ரத்தம் எடுக்கணும்ல, வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க. அதுவுமில்லாம என்கிட்டயே இருக்கு பாருங்க, இந்தப் பை பூராவும் சாப்பாடுதான். அவிச்ச முட்டை, கடலை, கதலிப்பழம், பிளாஸ்க்குல பால். எங்க அண்ணி கட்டிக் குடுத்துச்சு. ஆஸ்பத்திரிக்கு வர்றோமா, கதிர்காமத்துக்கு நடந்து போறோமான்னு எனக்கே தெரியல.

உக்காருறேன், உக்காருறேன். இம்புட்டு நேரம் இந்த வாங்குலதான உக்காந்திருந்தேன். நான் எந்திரிச்சு எந்திரிச்சு நிக்கிறது ஒங்களுக்குத் தொந்தரவா இருக்கா? அந்தக் கதவையே பாத்துக்கிட்டிருக்கேன், அதான். அண்ணி எப்ப வரும்னு. அண்ணன மெசின்ல படுக்க வச்சிட்டு வர்றேன்னு போச்சு. இப்ப எத்தனாம் நம்பரக் கூப்பிட்டாங்க? அப்ப எனக்கு முன்னுக்கு இன்னும் கொஞ்சம் பேரு இருக்காங்க.

நாங்க வத்தேகம. மார்க்கட்டுல லெட்சுமணன் கடைன்னா யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. கயிறு, சாக்கு, மம்பட்டி, தகரம், எல்லாம் இருக்கும். அதுதான் எங்க அண்ணன். பாவம், ரெண்டு கிட்னியும் போயிருச்சு. கிழமையில மூணு நாளு வந்து மெசின்ல படுக்கணும். ரத்தத்த வெளிய எடுத்து, கழுவி, உள்ள விடுவாங்க. முடிஞ்சு வர்றப்ப பிழிஞ்ச துணி மாதிரி வரும். ஆமா, வேற கிட்னி வைக்கத்தான் போறாங்க. நான்தான் குடுக்கப்போறேன். ஒண்ணு. எனக்கு ரெண்டு இருக்குல்ல.

எல்லா டெஸ்ட்டும் சரியா வந்திருச்சு. இந்த நிறை ஒண்ணுதான் சரிவரல. நான் பொறந்ததுல இருந்தே ஒல்லி. கத்தி வைக்கிறதுன்னா ஒடம்புல கொஞ்சம் சதை இருக்கணும், நெஞ்சு பலமா இருக்கணும்னு சொல்லி, காலையிலயும் அந்தியிலயும் நடக்கச் சொன்னாங்க, நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க. மாசி மாசத்துல இருந்து நடக்குறேன். தராசுல ஏறுற நேரமெல்லாம் முன்னைய விடக் கொறைஞ்சுதான் காட்டுது. இன்னைக்கும் கொறைஞ்சிருந்தா நான் சரிவர மாட்டேன், வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிருவாங்களாம். இன்னைக்குத்தான் கடைசி. அண்ணி காலையில சாமிக்குத் தேங்கா ஒடைச்சிட்டு வந்திருக்கு. என் நிறைக்கு.

சாப்பிடாம என்னக்கா? நான் ஒரு நாளைக்குச் சாப்பிடுறதச் சொன்னா நீங்க பயந்துருவீங்க. விடிய எந்திரிச்சதும் ஒரு பழம். ஏன்னா வெறும் வயித்தோட நடக்கக் கூடாதாம். நடந்துட்டு வந்த ஒடனே, வேர்வை காயுறதுக்கு முன்னாடி, பாலும் முட்டையும். அந்த நேரத்துல உள்ள போனாத்தான் சதை புடிக்குமாம், லேட்டாப் போனா பிரயோசனம் இல்லையாம். பொறகு ரொட்டியும் பருப்பும். பத்து மணிக்கு மறுபடி ஒரு முட்டை. மத்தியானம் சோறு, மீனோ கோழியோ. நாலு மணிக்குக் கடலை. பொறகு அந்தி நடை, பொறகு சோறு, படுக்கப்போகையில பால். மாட்டுக்குக் கூட அசை போட நேரம் குடுப்பாங்க. எனக்கு அதுவும் இல்ல.

இங்க ஒரு மிஸ் இருக்கு. சாப்பாட்டு மிஸ்ஸுன்னுதான் நாங்க சொல்றது. தெல்தெனிய ஊருப் புள்ள, சிங்களம், ஆனா தத்தித் தத்தித் தமிழ் பேசும். அது என் கையப் புடிச்சுச் சொல்லுச்சு, அம்மே, நடக்குறது நல்லது, ஆனா நடக்குற அளவுக்குத் திங்கணும், வெறகு போடாம அடுப்ப எரியச் சொன்னா அது வீட்டுக் கதவப் பிச்சு எரிக்கும்னு. நீ திங்காம நடந்தா ஒன் ஒடம்பு ஒன்னையவே திங்கும்னு. நல்ல புள்ளக்கா. போன தடவை தராசப் பாத்துட்டு அது கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு.

   

ஒங்களுக்குச் சிரிப்பு வரும், எங்க வீட்டுல நான் எப்பச் சாப்பிடுறேன்னு முன்ன யாருக்கும் தெரியாது. அண்ணன் சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போகும். அண்ணன் பயலுக ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுப் போவானுக. பொறகு அண்ணி. பொறகு சட்டியில என்ன ஒட்டியிருக்கோ அத நான் வழிச்சுத் திம்பேன், அடுப்படியில நின்னுக்கிட்டே. கொறையாச் சொல்லலக்கா. எங்கம்மா மலையில தேயிலைக் கொழுந்து எடுத்துட்டு வந்து அப்படித்தான் தின்னுச்சு. எங்காளுகள்ல பொம்பளைக்குச் சாப்பாட்டு நேரம்னு ஒண்ணு கெடையாது. மிச்சம்னுதான் ஒண்ணு இருக்கும்.

இல்ல, எனக்குக் கல்யாணம் ஆகல. பேசுனாங்க ஒரு தரம், ரெண்டு தரம். அப்ப அண்ணனுக்குக் கடை புதுசு, கையில காசில்ல. பொறகு பயலுக பொறந்தானுக, பாத்துக்க ஆளு வேணும்னு நின்னேன். அப்படியே நின்னுட்டேன். ரெண்டு பேருமே என் கையில வளந்தவனுகதான். பெரியவன் இப்ப கடையப் பாக்குறான். சின்னவன் பேராதனையில கம்பனி ஒண்ணுல வேலை.

அந்த வீட்டுல இப்ப மொதத் தட்டு எனக்கு! அண்ணி கதிரைய இழுத்துப் போட்டு, உக்காரு சுப்பம்மான்னுச்சு மொத நாளு. எனக்கு அந்தக் கதிரையில கைய எங்க வச்சிக்கிறதுன்னே தெரியல. சோத்துல கைய வச்சிட்டு, அண்ணே இன்னும் சாப்பிடலையேன்னேன். அது கெடக்கட்டும், நீ தின்னுன்னு அதட்டுச்சு. அண்ணன அது கெடக்கட்டும்னு அண்ணி சொல்லி நான் கேட்டதே இல்ல.

அண்ணனுக்கு உப்பு ஆகாது. தேங்காப்பால் ஆகாது, வாழைப்பழம் ஆகாது, தண்ணி கூட அளந்துதான். அதனால ரெண்டு சமையல் நடக்கும். அது ஒரு பக்கம் உப்பில்லாச் சோறு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கும், நான் எதுத்தாப்புல மீனும் முட்டையும் வச்சிக்கிட்டு. அண்ணன் என் தட்டையே பாக்கும். சாப்பிடுற ஆசையில இல்லக்கா. நான் முழுங்குறேனான்னு பாக்கும். ஒவ்வொரு வாயும் உள்ள போகுதான்னு. என் தட்ட அதுக்கு முன்ன அண்ணன் பாத்ததே கெடையாது. நான் தலையத் தூக்குனா சட்டுன்னு வேற பக்கம் திரும்பிக்கும்.

அந்தா பாருங்க, அடிக்குது. இந்தப் போன்தான். கோயில் மணிச் சத்தம் வச்சிருக்கான் பெரியவன். எனக்குன்னே புதுசா வாங்கிக் குடுத்து, சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் அடிக்கிற மாதிரி வச்சிக் குடுத்தான். நான் கேட்டு வாங்குனதில்ல. இது பத்து மணி முட்டைக்கு. எங்க அமுத்துறதுன்னு பாருங்க, எனக்கு வெளங்காது. நன்றிக்கா. இப்ப பாருங்க, அடுத்து அண்ணி போன் போடும். இல்லாட்டி அண்ணன். மெசின்ல படுத்துக்கிட்டே போடும். சாப்பிட்டியா சுப்பு? அம்புட்டுத்தான் பேச்சு. சாப்பிட்டேம்னா வச்சிரும். வீட்டுல எல்லாருக்கும் வாயில அது ஒண்ணுதான். சாப்பிட்டியா, அத்த சாப்பிட்டியா, முட்டை சாப்பிட்டியா. அக்கம்பக்கத்துல கேட்டா எனக்கு ரத்தத்துல சீனி வருத்தம், அதான் நடக்குறேன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க. கண்ணு பட்டுருமாம். சீனி வருத்தக்காரி இப்படிப் பாலும் பழமும் திங்கிறாளேன்னு பக்கத்து வீட்டு நல்லம்மா கேக்குது.

நடக்குறதுதான் எனக்குப் புடிச்ச நேரம். எங்க வீட்டுல இருந்து ரயில் ஸ்டேசன் வரைக்கும் போய்த் திரும்பணும். காலையில பனி எறங்கியிருக்கும், ரோட்டுல யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் சாப்பிட்டியான்னு கேக்க மாட்டாங்க. சில நாளு ரெண்டு தரம் போய்ட்டு வருவேன். ஸ்டேசனுக்குப் பின்னாடி ஒரு நாய் இருக்கு, என்னையக் கண்டா ஓடி வரும். மொதல்ல பாக்கையில எலும்பும் தோலுமா சொறி புடிச்சுக் கெடந்துச்சு. இப்ப பாக்கணுமே, கன்னுக்குட்டி மாதிரி பளபளன்னு நிக்குது. ஸ்டேசன் மாஸ்டர் சொல்றாரு, இதுக்கு யாரோ மந்திரம் போட்டிருக்காங்கன்னு.

எந்தப் பஞ்சு? ஓ, இதா. இந்தக் கையில ஒட்டியிருக்கிறதா. ஆமாக்கா, ரத்தம் எடுத்துட்டாங்கதான். வந்த ஒடனே எடுத்துட்டாங்க. மறந்து சொல்லிட்டேன். ஏதோ ஒரு பதட்டத்துல வாயில வந்திருச்சு. விடுங்களேன்.

கதவு தொறந்துச்சே, அண்ணியா? இல்ல, வேற யாரோ.

நல்லாக் கேட்டீங்க, பயலுக குடுக்கக் கூடாதான்னு. சின்னவனுக்கும் அதே ரத்தந்தான். அவன் பள்ளிக்கொடத்துல ரத்ததானம் குடுத்தப்பவே தெரியும். ஆனா அவனுக்குப் பொண்ணு பாக்குறாங்கல்ல. நாளைக்கு ஒரு குடும்பம்னு இருக்கு. பெரியவனுக்குக் கடை இருக்கு. அண்ணிக்கு பிரஷர். எனக்கு என்ன இருக்கு சொல்லுங்க, ரெண்டு கிட்னிதான் இருக்கு. சும்மா சொன்னேன்க்கா, சிரிக்கலாம்.

எப்ப முடிவாச்சுன்னா, போன பொங்கலன்னைக்கு. பால் பொங்கி முடிஞ்சு சாமி கும்புட்டு நிக்கிறோம். நான் வேர்வையத் தொடச்சிக்கிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புறேன். அண்ணி, டேய், அத்தை கால்ல விழுங்கடான்னுச்சு. ரெண்டு பயலும், இம்புட்டு ஒசந்தவனுக, தடால்னு விழுந்தானுக. எங்கப்பாவுக்கு நீங்கதான் அத்தை உசுரு குடுக்கப்போறீங்கன்னு பெரியவன் அழுகுறான். அண்ணி அழுகுது. அண்ணன் வாசப்பக்கம் பாத்துக்கிட்டு நிக்குது, தோளு குலுங்குது. நானும் அழுதேன். எங்காளுகள்ல கால்ல விழுந்துட்டா அது பெரிய விசயம், ஒங்களுக்குத் தெரியும்ல. விழுந்தவன எந்திரின்னு தூக்கி நெத்தியில துன்னூறு பூசிவிடணும். பூசிவிட்டேன். அதோட முடிஞ்சிச்சு. மறுநாளே இங்க கூட்டிட்டு வந்தாங்க.

டொக்டர் கேட்டாருக்கா, கேக்காம இல்ல. அவங்க எல்லாம் முறையாத்தான் செய்றாங்க. சொந்த விருப்பமான்னு சிங்களத்துல கேட்டாரு. எனக்கு சிங்களம் நல்லா வெளங்கும், கடையில நின்னவதான. ஆனா நான் வாயத் தொறக்குறதுக்குள்ள பெரியவன், அத்தைக்கு ரொம்ப சந்தோசம் சேர்னு சொல்லிட்டான். டொக்டர் என் மூஞ்சியப் பாத்தாரு. அண்ணி என் கையப் புடிச்சிக்கிட்டிருந்துச்சு. தலைய ஆட்டுனேன். எனக்குத் தலையாட்டுறதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கணுமா? இன்னைக்கு நிறை பாத்ததும், தமிழ் பேசுற டொக்டரம்மா ஒருத்தவங்க என்னையத் தனியாக் கூப்பிட்டுப் பேசுவாங்களாம். தனியான்னா தனியா, வீட்டாளுக யாரும் வரக் கூடாதாம். அண்ணிக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. என்ன கேப்பாங்க, நீ என்ன சொல்லுவேன்னு என்னையப் போட்டுக் கொடையுது.

என்னக்கா? என்ன கேட்டீங்க?

இல்ல, காது கேட்டுச்சு. மறுபடி ஒருக்கா கேளுங்களேன்.

குடுக்க எனக்கு விருப்பமான்னா.

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா, நான் உக்காருறேன். 

நீங்கதாங்க்கா என்னையக் கேட்டிருக்கீங்க. எங்க வீட்டுல அம்புட்டுப் பேரும் அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாப்பிட்டியான்னு கேக்குறாங்க, ஒருத்தராவது இதக் கேக்கல. பொங்கலன்னைக்கு பயலுக கால்ல விழுந்தானுகன்னு சொன்னேன்ல? அவனுக விழுந்தப்பொறகுதான் எனக்கே தெரியும், நான் குடுக்கப்போறேன்னு. அதுக்கு முன்னாடி யாரும் ஒரு வார்த்தை சொல்லல. அவங்களுக்குள்ள பேசி முடிச்சிட்டாங்க. நான் பொங்கப்பானைய எறக்கி வச்சிட்டுத் திரும்புறேன், என் காலடியில கெடக்குறானுக. கால்ல விழுந்து கெடக்குறவனப் பாத்து மாட்டேன்னு எப்படிக்கா சொல்றது? தூக்கிவிட்டுத் துன்னூறுதான பூச முடியும்?

அந்த நாய்க்குத்தான் போட்டேன். முட்டை, மீனு, எறச்சி, எல்லாம். முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நடக்கப் போவேன். பால வாழை மூட்டுல ஊத்துவேன். அண்ணன் பாத்துக்கிட்டிருக்கையில வாயில போடுறத, பின்பக்கம் போய்த் தொண்டையில கையவிட்டு எடுத்துருவேன். அந்தி நடைன்னு சொல்லி ரெண்டு நடை, மூணு நடை நடந்தேன். ஒடம்பு என்னையவே திங்கும்னு அந்த மிஸ் சொல்லுச்சுல்ல? திங்கட்டும்னுதான் நடந்தேன். வாயால சொல்ல முடியாதத தராசு சொல்லட்டும்னு. அது சொன்னா யாரும் என்னையக் கோவிக்க முடியாதுல்ல. பாவம் சுப்பம்மா, எம்புட்டுத்தான் தின்னா, ஒடம்பு புடிக்கலன்னு சொல்லிட்டுப் போவாங்க.

அண்ணன் மேல பாசம் இல்லாம இல்ல. அப்படி நெனைச்சிராதீங்க. எங்கப்பா செத்தப்ப அது என்னைய முதுகுல தூக்கிக்கிட்டு மலையில இருந்து எறங்குச்சு. ராத்திரி மூச்சு வாங்கி இருமுறப்ப பக்கத்து அறையில நான் முழிச்சுக் கெடப்பேன். அந்த நேரமெல்லாம் எந்திரிச்சுப் போய் அந்த முட்டையத் தின்னுருவோமான்னு வரும். விடிஞ்சா அது என் தட்டப் பாக்கும் பாருங்க, அந்தப் பார்வையில அந்த நெனைப்பே போயிரும். என் மூஞ்சியப் பாருண்ணேன்னு கத்தணும் போல இருக்கும். தட்டுக்கு மேலதான மூஞ்சி இருக்கு.

அழுகலக்கா. கண்ணுல ஏதோ. நம்பரு என்ன போகுது? அப்ப எனக்கு முன்னுக்கு ஒரே ஒரு ஆளுதான்.

அந்தப் பைய இப்படித் தாங்க. இல்ல, ஒங்க பணிஸ் வேணாம், நீங்க சாப்பிடுங்க. என் முட்டைய எடுங்க. பசிக்குதுக்கா. எத்தனை மாசத்துப் பசின்னு எனக்கே தெரியல, இப்பத்தான் தெரியுது. ஒரு முட்டையில நிறை கூடிரவா போகுது? கூடாது. தராசு அது பாட்டுக்கு என்னமும் சொல்லட்டும். தமிழ் டொக்டரம்மா இருக்காங்கல்ல, அவங்ககிட்ட நான் சொல்லப்போறேன், என்னத்துக்கு நிறை கொறஞ்சுச்சுன்னு. சொல்லிட்டு, எங்க அண்ணன ஒருக்காக் கூப்பிடுங்கம்மான்னு கேக்கப்போறேன். அண்ணிய இல்ல, பெரியவன இல்ல. மெசின்ல இருந்து எறங்குனதும் வரட்டும், நான் இருக்குறேன். வந்து, என் மூஞ்சியப் பாத்து, சுப்பு, ஒண்ணு தர்றியான்னு கேக்கட்டும்.

கேட்டா என்ன சொல்லுவேன்னா, அது எனக்குத் தெரியாது. குடுக்குறேன்னாலும் சொல்லுவேன், முடியாதுண்ணே, சின்னவனக் கேட்டுப் பாருன்னாலும் சொல்லுவேன். எதுன்னாலும் வாயாலதான் சொல்லுவேன். பட்டினி கெடந்து சொல்ல மாட்டேன் இனிமே.

தோல நல்லா உரிச்சிட்டீங்களே. ம். உப்பு இல்ல. சப்புன்னு இருக்கு. அண்ணனுக்கு ஆக்கி ஆக்கி அண்ணிக்குக் கை அப்படியே பழகிப்போச்சு போல. இல்ல, அதுக்கு எனக்கு எப்படிப் புடிக்கும்னே தெரியாதுல்ல. ஒரே அடுப்புல இத்தன வருசமா ரெண்டு பேரும் ஆக்குறோம். முட்டைன்னா எனக்கு உப்பும் மொளகுத்தூளும் வேணும். நானும் சொன்னதில்ல, அதுவும் கேட்டதில்ல.

அந்தா வருது அண்ணி. இல்லக்கா, மறைக்க வேணாம், இருக்கட்டும். வரட்டும். மொதல்ல உப்பக் கேக்குறேன்.